இடது காதுக்குப் பின்னால

இல்லண்ணே, போன்ல ஒரு கோளாறும் இல்ல. பிரிக்காதீங்க. ரெக்கார்டு பண்ணா பேச்சு கேக்க மாட்டேங்குது, தறிச் சத்தம்தான் கேக்குது, அதுக்குத்தான் வந்தேன். பாப்பா, மாமாவோட ஸ்க்ரூவெல்லாம் எடுத்து உன் செவப்புப் பைக்குள்ள போடாத. பள்ளிக்கூடமா? இருக்குண்ணே. நாந்தான் பாதியில கூட்டிட்டு வந்துட்டேன். சும்மாதான்.

மூணு தடவ பதிஞ்சேன். இடுப்புல சொருகினா துணி உரசுற சத்தம். சாப்பாட்டுப் பையில வெச்சா டப்பா ஆடுற சத்தம். மூணாவது கொஞ்சம் தேவலன்னு தொழிலாளர் ஆபீசர்கிட்ட கொண்டுபோனேன். காதுல வெச்சுக் கேட்டுட்டு, என்னம்மா, மழையான்னாரு. எனக்கே சிரிப்பு வந்துருச்சு.

யாரு பேச்சா? எங்க சூப்பர்வைசரு. பக்கத்துத் தறி அக்காவுக்குப் போன மாசம் ரெண்டு வெரல் போச்சுண்ணே. மிஷின் மூடியக் கழட்டிட்டு ஓட்டச் சொன்னது அந்தாளு. இப்ப அக்காவே கழட்டினதா எழுதி வெச்சிருக்காங்க. கண்ணால பாத்தவ நான் ஒருத்திதான். வியாழக்கிழம விசாரண. நான் வாயத் தொறக்கக் கூடாதுன்னு தெனமும் வந்து மிரட்டறான்.

சத்தம் போட்டு மிரட்டறானா? தறி ஓடுற எடத்துல கத்தினா தொண்டதான் போகும். நாங்க காதுகிட்ட வாய வெச்சு மெதுவாத்தான் பேசுவோம், நல்லாக் கேக்கும். வீட்லயும் அதே பழக்கம். எங்க வீட்டுக்காரர் காதுல போய் உப்புப் போதுமான்னு கேட்டா மனுசன் தூக்கிவாரிப் போட்டு எந்திரிப்பாரு.

நேத்துச் சோறு வடிக்கையில சட்டுனு தோணுச்சு. அவன் பேச்சு இடுப்புக்கு வர்றதே இல்ல, காதுக்குத்தான் வருது. அப்ப மைக்கும் அங்கதான இருக்கணும்? மேடையில பேசறவங்க சட்டையில மாட்டுவாங்களே, பட்டாணி மாதிரி, அது. ஹேர்பின்னுல கட்டி, மேல முடிய இழுத்து விட்டுட்டா தெரியாது. வயரு ஜடைக்குள்ள எறங்கிரும். எடது காதுதாண்ணே. வலப்பக்கம் தறி நிக்குது, அவன் எப்பவும் எடப்பக்கமாத்தான் வருவான்.

பயம் இல்லாம? அவன் குனிஞ்சா மூச்சு கழுத்துல படும். வயரும் அங்கதான் ஓடும். ஆனா அவன் பேச்சுல கெட்ட வார்த்த ஒண்ணுகூட இல்லண்ணே. ஒரு சொல்லு விட்டுப்போனாலும் மிரட்டினான்னு யாரும் நம்ப மாட்டாங்க.

ஆங், இதேதான். மாட்டிட்டேன், வெளிய தெரியுதா? பொறுங்க, இங்க அமைதியா இருக்கையில பேசி என்ன பிரயோசனம். பக்கத்துப் பட்டறையில கிரைண்டரு போடட்டும். போட்டுட்டாங்க. இப்ப கிட்ட வந்து சொல்லுங்க. கூச்சப்படாதீங்க, உங்க தங்கச்சின்னு நெனச்சுக்கங்க.

என்ன சொல்லவா? அவன் சொல்றதையே சொல்லிப் பாருங்க. நாலு இருபது. பின்னாடி கேட்டு. ரெட்ட ஜட, செவப்புப் பை. தனியாத்தான் வருது. அவ்வளவுதாண்ணே, தெனமும் அதான்.

மெதுவாச் சொல்லுங்க. பாப்பாவுக்குக் கேட்டுடப் போகுது.