நாலாவது கோட்டு

— எனக்கு யானை ஒண்ணு கூட, சிப்பாய் ரெண்டு கூட. அது எப்படி மாப்ளே டிரா ஆகும்?

— அத்தான், முதல்ல அந்தக் கத்திரியைக் கீழே வைங்க. நான் இங்கே செஸ் கிளப் செயலாளரா வரல. உங்க பொண்டாட்டியோட தம்பியா வந்திருக்கேன்.

— தம்பியா வந்தவன் கையில அளவுச் சீட்டு எதுக்கு?

— அது மாவட்டப் போட்டிக்குப் போற டீம் கோட்டுக்கு. மூணு தைச்சுட்டீங்க இல்ல, நாலாவது ஆளோட அளவு.

— நாலாவதும் தைச்சாச்சு. அதோ தொங்குது பாரு, என் அளவு. இந்த ஆட்டம் ஜெயிச்சா நாலாவது போர்டுல நீங்கதான் அத்தான்னு போன மாசம் சொன்ன வாய் எது? உன் வாய்தானே? இப்போ தலைவர் மருமகனுக்கு மார்பு நாற்பத்தி நாலாம். மனசுக்கு அளவெடுத்தா கைக்குட்டைத் துணியிலயே மிச்சமாகும்.

— நான் என்ன சொல்றேன்னா, எட்டு மணிக்கு வாட்ச்மேன் விளக்கை அணைச்சுடுவார். முடியாத ஆட்டத்தைக் கமிட்டி மூணு பேரும் பார்த்து முடிவு சொல்லணும். நீங்க சேர்றதுக்கு முன்னாடியே இருக்கிற விதி.

— விதி இருக்கட்டும். தலைவர் வீட்டு ஆளுங்க தோக்கிற அன்னிக்கு மட்டும் எட்டு மணி ஏன் சீக்கிரம் வருது? ஏழேகாலுக்கு அப்புறம் அந்த மருமகன் ஒரு காயைத் தொடல. குதிரையைப் பார்த்தான், ஃபேனைப் பார்த்தான், கண்ணாடியைத் துடைச்சான், மூணு தடவை ஒண்ணுக்குப் போயிட்டு வந்தான். நீரிழிவு கூட அவ்வளவு தடவை அனுப்பாது.

— யோசிக்கிறதுக்கு நேரம் எடுக்கிறது தப்பா?

— ஆட்டக் கடிகாரம் வாங்கலாம்னு பெயிண்டர் அண்ணன் கெஞ்சினாரே, தலைவர் என்ன சொன்னார்? நாம குடும்பமா ஆடுறோம், குடும்பத்துக்குள்ள கடிகாரம் எதுக்குன்னார். குடும்பம்தான். அவர் குடும்பம். சரி, கமிட்டியில யார் யார் என்ன சொன்னீங்க?

— மருமகன் விஷயம்னு தலைவர் ஒதுங்கிட்டார். பல் டாக்டர் டிரான்னார்.

— அவர் தலைவர் தும்மினா மூக்கைத் துடைக்கிறவர். நீ?

— நான் என்ன சொல்றேன்னா...

— கேட்டதுக்குச் சொல்லு.

— நானும் டிரான்னுதான் சொன்னேன்.

— நேத்து மதியம் எங்க வீட்ல உட்கார்ந்து ரெண்டாவது தடவை சோறு கேட்டியே, அப்போ இது தொண்டையில நிக்கலையா?

— நான் மாத்திச் சொன்னா ஒண்ணுக்கு ஒண்ணு ஆகும். அப்புறம் தலைவர் கைதான் முடிவு. நீங்களும் தோப்பீங்க, நானும் செயலாளரா இருக்க மாட்டேன். இரும்புக்கடை வச்சிருக்கிறவன் அத்தான் நான். போணியாகாத சந்தையில சரக்கு இறக்க மாட்டேன்.

— இந்தக் காகிதம் என்ன தெரியுதா? புகார் மனு, பதினாலு கையெழுத்து. எழுதினது பெயிண்டர் அண்ணன், முதல் கையெழுத்தும் அவருது. உன் பேரையும் சேர்த்துக் கிழிச்சிருக்கார். ஞாயித்துக்கிழமை பொதுக்குழுவுல நான் எழுந்து படிக்கப் போறேன்.

— படிச்சு?

— கமிட்டியில அந்தக் கும்பலைச் சேராத ஆள் ஒருத்தராவது உட்காரணும். அவ்வளவுதான்.

— அதையேதான் தலைவரும் சொல்றார்.

— யாரு?

— பல் டாக்டர் தன் மகளோட இருக்கப் போறார், ஊரைக் காலி பண்றார். அந்த இடத்துக்கு வெளியே இருந்து நேர்மையான ஆள் ஒருத்தர் வேணும், டெய்லரைக் கேளுன்னார்.

— என்னையா?

— உங்களைத்தான்.

— குரைக்கிற நாய்க்கு எலும்பு போடறார்.

— எலும்புன்னு பார்த்தா எலும்பு. நாற்காலின்னு பார்த்தா நாற்காலி. கமிட்டி ஆளும் டீம் கூடப் போகலாம் அத்தான். மேடையில உட்காரலாம். கோட்டு கூட உண்டு.

— கோட்டா?

— அதோ தொங்குறதைப் பிரிக்கவே வேண்டாம். மருமகனுக்கு வேற துணி எடுத்துக்கலாம். எங்கே, ஒரு தடவை போட்டுத்தான் காட்டுங்களேன்.

— சும்மா இரு.

— சும்மாதான். கடையில நம்ம ரெண்டு பேரைத் தவிர யார் இருக்கா?

— போட்டாச்சு. தோள்பட்டை சரியா உட்காருதா?

— உங்க கை வெட்டு, உட்காராம எங்கே போகும்? அக்கா பார்த்தா மயங்கிடுவா. பட்டனைப் போடுங்க.

— பெயிண்டர் அண்ணன் ஏதாவது நினைச்சுக்குவாரா?

— நம்ம ஆள் ஒருத்தர் உள்ளே இருக்கார்னு சந்தோஷப்படுவார்.

— அதுவும் சரிதான். வெளியே நின்னு கத்தி எந்தக் கதவு திறந்திருக்கு? உள்ளே போனாத்தான் ஏதாவது செய்ய முடியும்.

— அதைத்தானே நானும் சொல்றேன். அந்தக் காகிதம்?

— கெட்டியான தாள். காலருக்கு அளவு மாதிரி வெட்ட உதவும்.

— அப்போ உங்க முதல் தீர்ப்பையும் கையோட சொல்லிடுங்க, நோட்டுல ஏத்திடறேன். நேத்து விளக்கு அணைஞ்சப்போ ஒரு ஆட்டம் பாதியில நின்னுச்சு. ஒரு பக்கம் தலைவரோட தங்கச்சி பையன்.

— இந்தப் பக்கம்?

— பெயிண்டர்.

— யாருக்கு எவ்வளவு காய்?

— பெயிண்டருக்கு யானை ஒண்ணு கூட. சிப்பாய் மூணு கூட.

— அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பு மாப்ளே. முதுகுல சுருக்கம் விழுதான்னு பார்க்கணும். டிரான்னு எழுதிக்கோ.