எட்டாம் நம்பர் வண்டியைக் கழுவியவன்

பெயர் மாயாண்டி, தகப்பனார் பெயர் கருப்பையா, வயது நாற்பத்து மூன்று, சொந்த ஊர் இராமநாதபுரம் மாவட்டம் கமுதி பக்கம் ஒரு கிராமம், தற்போது ஜெபல் அலி லேபர் கேம்ப்பில் ரூம் நம்பர் பதினொன்று. தொழில் கார் கழுவுவது. காவல் நிலையத்தில் மொழிபெயர்ப்பாளர் ஷியாமளா மேடத்திடம் தமிழில் சொல்லி எழுதவைப்பது.

நான் இந்த நாட்டுக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. வருகிற வியாழக்கிழமை எனக்கு லீவு டிக்கெட். அதற்கடுத்த ஞாயிறு என் தங்கை ராக்கம்மாவின் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும், என்னை விட்டால் அவளுக்கு உடன்பிறப்பு கிடையாது. எனக்கு லீவு கிடைக்காமல் இரண்டு தடவை தள்ளிவைத்து, பிள்ளைக்கு இப்போது ஐந்து வயது ஆகிவிட்டது.

கடந்த வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும், ஊருக்கு வெளியே மணல்காட்டில் இருக்கும் ரேஸ் மைதானத்தில் பழைய ரேஸ் கார்களின் விழா நடந்தது. எங்கள் கம்பெனி ஆட்களைப் பஸ்ஸில் கொண்டுபோனார்கள். எல்லாம் ஐம்பது அறுபது வருடத்து வண்டிகள், சத்தத்தில் காது அடைத்துப்போனது. ஜனங்கள் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். நமக்கு ஏது வேடிக்கை? ஓடி வந்த வண்டியைத் துடைப்பது, மறுபடி ஓடி வந்தால் மறுபடி துடைப்பது. வெள்ளிக்கிழமை ஒரு ரேஸைக்கூட முழுதாகப் பார்க்கவில்லை.

அதன் பிறகு, சனிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சூப்பர்வைசர் உமாபதி சார் வந்து, "ஷெட்ல இருக்கற எல்லா வண்டியும் எட்டு மணிக்குள்ள பளபளன்னு இருக்கணும், ஜல்தி" என்றார். எல்லா வண்டியும் என்றுதான் சொன்னார். வரிசைக் கடைசியில் என் பங்குக்கு எட்டாம் நம்பர் வண்டி நின்றது. உடம்பெல்லாம் காய்ந்த சேறு, மூக்கில் செத்த பூச்சிகள், கையால் எழுதிய நம்பர் பாதி உரிந்திருந்தது. முன்னால் ஒரு பலகை இருந்தது, இங்கிலீஷிலும் அரபியிலும் எழுதியிருந்தது, எனக்கு இரண்டும் வராது. இந்த ஊரில் வண்டி அழுக்காக நின்றால் அபராதம் போடுவார்கள். இத்தனை பேர் பார்க்கிற இடத்தில் இப்படி விட்டுவிட்டார்களே, ஓனர் யாரோ பாவம் நாதியில்லாதவர் போலிருக்கிறது என்று நினைத்தேன். மற்ற வண்டிக்குக் கால் மணி நேரம், இதற்கு நாற்பது நிமிடம். ஷாம்பு போட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, போகாத கறைக்குப் பாலிஷ் போட்டேன். நம்பர் துணியோடு வந்துவிட்டது. மிச்சம் இருந்ததும் அசிங்கமாக இருக்கிறதே என்று அதையும் சுத்தமாக எடுத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அன்று நான் செய்த வேலையிலேயே அதுதான் நல்ல வேலை.

அதன் பிறகு ஓனர் வந்தார். வயதான வெள்ளைக்காரர். வண்டியை ஒரு விரலால் தடவி விரலைப் பார்த்தார், பிறகு பக்கத்தில் கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். அது அவர் அப்பா கடைசியாக ஓட்டிய ரேஸின் சேறு என்றும், அறுபது வருடமாக யாரையும் தொட விடவில்லை என்றும், பலகையில் எழுதியிருந்தது அதுதான் என்றும் உமாபதி சார் சொன்னார். அந்த மனுஷர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அதன் பிறகு, ஞாயிற்றுக்கிழமை போலீசில் புகார் ஆனது. உமாபதி சார் என்னைப் பஸ்ஸுக்குப் பின்னால் கூப்பிட்டு, "கேஸ் முடியற வரைக்கும் நீ ஊருக்குப் போக முடியாது மாயாண்டி. அன்பரசன் நேத்து மத்தியானமே ஃப்ளைட் ஏறிட்டான்ல, அவன் கழுவுனான்னு சொல்லிடு. ஊர்ல இருக்கறவனை யாரு வந்து புடிக்கப் போறா? கலாஸ், அத்தோட முடிஞ்சுது" என்றார். இதை எழுத வேண்டாம் என்று மேடத்திடம் கேட்டேன், சொன்னதை எழுதித்தான் ஆக வேண்டும் என்றார். அன்பரசன் என் பக்கத்துக் கட்டில்காரன், முறைக்குத் தம்பி. எங்கள் கம்பெனி வேலையை முடித்துக்கொண்டு போனவன், வேறு கம்பெனி விசாவில் அடுத்த மாதம் இங்கே திரும்பி வருகிறான். வந்தால் ஏர்போர்ட்டிலேயே பிடிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சரி என்றேன்.

அதன் பிறகு, இன்று இங்கே அதிகாரி கேட்டபோது அன்பரசன் என்றேன். மேடம் அதை முதல் தாளில் எழுதினார். அதிகாரி தொழுகைக்குப் போனார். அந்த நேரத்தில் அனுமதி கேட்டு அன்பரசனுக்குப் போன் போட்டேன். விஷயத்தைக் காதில் போட்டுவைக்கலாம் என்றுதான் போட்டேன். நான் வாயைத் திறக்கும் முன்னே அவன், "அண்ணே, வியாழக்கிழம எத்தன மணிக்கு எறங்குறீக? மதுரைக்கு நானே வண்டி எடுத்துட்டு வந்துர்றேன், வீண் அலைச்சல் வேணாம்" என்றான். எனக்கு என்மேலேயே சீ என்று ஆகிவிட்டது. ஒன்பது வருடத்தில் இவ்வளவு அலுப்பு எனக்கு வந்ததில்லை.

அதன் பிறகு அவனிடம், "எனக்கு லீவு இல்லப்பா. ஞாயித்துக்கெழம ராக்கம்மா வீட்டுக்குப் போயி எனக்குப் பதிலா நீ மடியில பிள்ளைய வச்சுக்க" என்றேன். "என்னண்ணே, மூணாவது தடவையுமா?" என்றான். ஏன் என்று சொல்லாமல் போனை வைத்துவிட்டேன்.

ஆகவே முதல் தாளில் அன்பரசன் என்று எழுதியதை அடித்துவிட்டு மாயாண்டி என்று எழுதிக்கொள்ளவும். வண்டியைக் கழுவியது நான் ஒருவன்தான். மேடம் இதை முழுதும் வாசித்துக் காட்டக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது, அடித்த இடத்தில் ஒன்றும் கடைசியில் ஒன்றுமாக இரண்டு கையெழுத்து போட்டிருக்கிறேன்.

(ஒப்பம்) க. மாயாண்டி