மாதம் ஓர் எழுத்தாளரை அழைத்து வந்த எங்கள் நூலகருக்கு

“கதை எழுதுறவங்க எல்லாரும் செத்துப்போயிட்டாங்களா, அக்கா?” என்று சிறுவர் பிரிவில் ஒரு சிறுமி கேட்டாள். “யார் சொன்னா? அடுத்த மாசமே ஒருத்தரை உயிரோட கூட்டிட்டு வந்து காட்டுறேன், இரு” என்றீர்கள். அன்று தொடங்கிய மாதக் கூட்டம் இன்றுவரை நின்றதில்லை.

இன்று பணி நிறைவு பெறும், எங்கள் அன்புக்கும் வியப்புக்கும் உரிய அம்மையீர்!

இந்தக் காலத்துக் கதைகளை எழுதும் எத்தனையோ பேர், கழுத்து ஆடும் நம் ஒலிவாங்கியின் முன் நின்று பேசினார்கள். வந்தவர் பெரியவரா புதியவரா என்று நீங்கள் பார்த்ததில்லை. நூலை முழுதும் வாசிக்காமல் வரவேற்புரைக்கு எழுந்ததும் இல்லை. “அட்டையை மட்டும் பாத்துட்டு ஆளை வாங்கன்னு கூப்பிட எனக்கு வாய் வராது” என்பீர்கள்.

பெருமழை கொட்டிய ஒரு மாலை, முதல் நாவலோடு வந்த இளம்பெண்ணின் முன்னால் நாற்காலிகள் மட்டுமே இருந்தன. “பரவாயில்ல மேடம். எழுதுறதையே விட்டுடலாம்னு இருக்கேன்” என்று அவர் பையை மூடினார். நீங்கள் போய் முன்வரிசையில் அமர்ந்தீர்கள். “உட்காரும்மா. உன் நாவல்ல அந்தத் தையல்காரி கடைசியில ஏன் சிரிச்சா? அதைச் சொல்லாம உன்னை விடுறதா இல்ல. இவங்களும் வீட்டுக்குப் போக மாட்டாங்க!” குடையும் கையுமாக நின்ற நாங்களும் சிரித்தபடி உட்கார்ந்தோம். அவர் பேசினார். எழுதுவதை விடவில்லை. இன்று அவர் வருகிறார் என்றால் கூடம் கொள்ளாது. ஒருவரைக் காப்பாற்ற, காது கொடுக்க ஒருவர் போதும் என்பதை இறைவன் உங்கள் வழியாக அல்லவா எங்களுக்குக் காட்டினான்!

நோயின்றி, குறையின்றி, நல்ல கதைகள் சூழ நீங்கள் நெடுங்காலம் வாழ வேண்டும். இன்னும் ஒன்றே ஒன்றைச் சொல்லி முடிக்கிறோம்.

கண் அறுவை சிகிச்சைக்குப் பின், படிக்கவே கூடாது என்று மருத்துவர் சொன்ன மாதத்தில் உங்கள் கடைசிக் கூட்டம் வந்தது. “வாசிக்காம எப்படி எந்திரிப்பேன்? வேற யாராவது பேசுங்கப்பா” என்றீர்கள். எங்களில் ஒருவர் அந்த மழைநாள் எழுத்தாளரிடம் தொலைபேசியில் இதைச் சொன்னார்.

மறுநாள் முதல் மதிய வேளைகளில் அவர் பின்வாசல் வழியே வந்தார். பைண்டிங் அறையின் கதவு மூடிக்கொண்டது. வேறொருவர் எழுதிய நாவலை உங்களுக்கு வாசித்துக் காட்டும் மெல்லிய குரல் மட்டும் வெளியே கேட்டது. நாங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஓசையின்றி அந்த அறையைக் கடந்தோம். ஒருவரும் கதவைத் திறக்கவில்லை.

கூட்டத்தன்று, கதையின் ஒவ்வொரு திருப்பமும் அறிந்தவராய் நீங்கள் வரவேற்புரை ஆற்றினீர்கள். வாசித்துக் காட்டியவர் கூடத்தில் இல்லை.

வணங்கி நிற்கும்
நூலகப் பணியாளர்கள்