கசப்புக் கூடிய மாத்திரை

நீங்கள் விசாரிக்க வந்ததால் சொல்கிறேன், எனக்கு ஆட்களின் முகம் பார்த்துப் பேச வராது. மருந்து கொடுக்கும்போதுகூட பெயரைக் கேட்பதில்லை. லயத்து வரிசையில் கூலிக்காரர் வீட்டு எண்ணைத்தான் கேட்பேன்.

மதராஸில் அறிவியல் பட்டம் பெற்று, இந்தத் தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த அப்பாவிடம் வந்தேன். பின்னாலேயே ஜப்பான்காரன் வந்தான். துரையும் டாக்டரும் போய்விட்டார்கள். ஆஸ்பத்திரிச் சாவியை அப்பா என்னிடம் தந்தார்.

ரிங்லெட் ஊருக்குக் கீழே சாலை வேலைக்கு ஜப்பான்காரன் பிடித்துப்போனவர்கள் மலேரியாவோடு திரும்பினார்கள். அதற்கான கொய்னா மருந்து இனி வராது என்று பேச்சு. எத்தனை பேருக்கு அது உண்மையிலேயே வேண்டும், எத்தனை பேர் தாமாகத் தேறுவார்கள் என்று தெரிந்தால் மருந்து வீணாகாது. நியாயமான கேள்விதான்.

கொய்னாவை மரவள்ளி மாவில் சேர்த்து உருட்டி ஒற்றைப்படை வீடுகளுக்குக் கொடுத்தேன். இரட்டைப்படை வீடுகளுக்கு வெறும் மாவு. பார்க்க ஒன்றுபோல இருக்கும். வெறும் மாவில் கசப்புக்காகப் பாகல் இலைச் சாறு விட்டேன். அது கொஞ்சம் கூடி, கொய்னாவைவிடக் கசந்துவிட்டது. அந்தத் தவறு என்னுடையது.

பன்னிரண்டாம் வீட்டு அம்மாக்கண்ணு கொழுந்தெடுப்பவள். காய்ச்சலிலும் வாய் ஓயாது.

"டாக்டரம்மா, ஒங்க மாத்திரய மோந்தாலே பேய் ஓடிரும்லா. கொஞ்சம் நிமிந்துதான் பாருங்களேன், கடிச்சிற மாட்டேன்."

நான் டாக்டர் இல்லை என்று சொல்லவில்லை.

அடுத்த வீடு, பதினொன்று, ருக்குமணியுடையது. ஆறு மாதக் கர்ப்பிணி. அவளுக்குக் கொய்னா.

பத்தாம் நாள் அம்மாக்கண்ணு எழுந்து நடந்தாள். ருக்குமணி இறந்துபோனாள். எனக்குக் குழப்பமாக இருந்தது. மருந்து தின்றவள் சாக, மாவு தின்றவள் எப்படிப் பிழைத்தாள்?

அடக்கம் முடிந்ததும் அம்மாக்கண்ணு வந்தாள்.

"வயித்துப் புள்ளக்காரியாச்சே, நல்ல மருந்து அவளுக்குப் போவட்டும்னு என் கசப்பு மாத்திரய அவகிட்ட குடுத்துட்டேம்மா. கசப்புக் கொறஞ்ச அவ மாத்திரயத்தான் நான் தின்னேன். அப்பவும் பொழைக்கலியே. ஏம்மா?"

விசாரித்தேன். லயம் முழுக்க மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். புருஷனுக்குப் பெண்டாட்டி, அண்ணனுக்குத் தங்கை. கசந்தால்தான் மருந்து என்று அவர்களுக்கு எண்ணம். யாருக்குப் பிரியம் அதிகமோ அவர்களுக்கு என் மாவு போயிருக்கிறது. இறந்த பதினொரு பேரில் யார் எதைத் தின்றார்கள் என்று இனி சொல்ல முடியாது. நான் குறித்துவைத்த எதற்கும் அர்த்தம் இல்லை. அன்று வந்த அசதி இன்னும் தீரவில்லை.

அப்போதுதான் முதல்முறையாக அம்மாக்கண்ணுவின் முகத்தைப் பார்த்தேன்.

"நீங்க மாத்தியிருக்கக் கூடாதுக்கா" என்றேன்.

அவள் அதன் பிறகு பேசுவதில்லை. யாரோடும்.

ஆஸ்பத்திரி அலமாரியிலிருந்து நீங்கள் சோதனையில் எடுத்த ஆறு டின் கொய்னா முதல் நாளிலிருந்தே அங்கே இருந்தது. எல்லோருக்கும் போதும் என்பது எனக்குத் தெரியும். இன்னொரு முறை சரியாகச் செய்துபார்க்க வைத்திருந்தேன். பதினொரு பேர் அர்த்தமில்லாமல் போனதாக இருந்துவிடக் கூடாது இல்லையா.