வாயைத் திறக்கும் பாடம்

உங்கள் காவல் நிலையத்துக் காப்பி பரவாயில்லை. எங்கள் செவிலியர் கல்லூரிக் காப்பியைக் குடித்தால் வேலை செய்யும் ஆசையே போய்விடும். ஜன்னலை மட்டும் கொஞ்சம் திறந்து வையுங்கள். எனக்கு ஓரிடத்தில் உட்கார்ந்து பழக்கமில்லை. பாருங்கள், கால் தானாக ஆடுகிறது.

நான் நெடுங்காலமாகச் சொல்லிக்கொடுப்பது ஒரே பாடம்தான். மேலே இருப்பவர் தப்பான மருந்தளவு சொன்னால் செவிலி வாயைத் திறக்க வேண்டும். நார்வே முழுக்க இந்தப் பாடத்துக்கு என் பெயரைத்தான் சொல்வார்கள். ஆனாலும் பேராசிரியர் பதவி மட்டும் வரவில்லை. நிஜ வார்டில் மாணவிகள் பயந்து அடங்கிவிடுவார்கள் என்பது என் வாதம். பொம்மை நோயாளியை வைத்துச் சோதித்தேன்; ஒருத்திகூட அடங்கவில்லை. துறைத்தலைவி ஹால்டிஸ் சிரித்தாள்.

"பொம்மைகிட்ட எல்லாருமே வீராங்கனைதான் டோருன். நிஜத்துல அடங்குவாங்கன்னு காட்டு. பதவி உன் வீடு தேடி வரும்."

அன்று போன தூக்கம் அப்புறம் திரும்பவில்லை. அதனால் வார்டுக்குப் போனேன். தப்பான அளவைச் சொல்வது, ஊசி தோலைத் தொடுவதற்குள் மாணவியின் கையைப் பிடித்துக்கொள்வது, அவ்வளவுதான். முதலில் வந்தவர்கள் வாயில் கொழுக்கட்டை வைத்ததுபோல் ஊசியை எடுத்தார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பிறகு சுன்னிவா வந்தாள். நோயாளி ஓட்வார், மீன்பிடிப் படகிலேயே காலம் கழித்தவர், சர்க்கரை நோய்க்காரர்.

"இவ்வளவு இன்சுலின் போட்டா இவர் எந்திரிக்கவே மாட்டார் டீச்சர்."

"போடு."

"மாட்டேன். இப்படிச் சொன்னா எதிர்த்துப் பேசணும்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

"சண்டைய சீக்கிரம் முடிங்கம்மா," என்றார் ஓட்வார். "அங்க சாப்பாட்டு அறையில வாஃபிள் பலகாரம் ஆறிக்கிட்டு இருக்கு."

எனக்கு உள்ளுக்குள் கொதித்தது. இப்படி ஒருத்தி பேசினால் என் ஆய்வு என்னாவது? இந்தப் பயிற்சியில் தோற்றால் படிப்பே போய்விடும் என்று மெல்லச் சொன்னேன். அழுதுகொண்டே போட்டாள். பேசியவளே கடைசியில் பணிந்துவிட்டாள் என்றால் அது இன்னும் நல்ல முடிவு இல்லையா? அதனால் அவள் கையைப் பிடிக்கவில்லை.

இன்சுலினை முறிக்கும் குளுக்கோஸ் என் சட்டைப்பையிலேயே இருந்தது. அது தெரியாமல் அவள் எடுத்துவர ஓடப் பார்த்தாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். ஓட்வார் பிழைத்தால் நடந்ததைச் சொல்வார்; சொன்னால் பதவி போச்சு. அவருக்கு வேர்த்துக் கொட்டியது. தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். நான் இரக்கம் கெட்டவள் இல்லை. மூச்சு அடங்கும்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

மாணவி அளவைத் தப்பாகப் போட்டுவிட்டாள் என்றேன், எல்லோரும் நம்பினார்கள். ஊசி போட்டது உன் கைதானே, நீ சொல்வதை யார் கேட்பார்கள் என்று அவளிடம் சொல்லிவைத்தேன். குளிர்காலம் முழுக்க அவள் பேசவில்லை. முதலில் வந்தவர்கள் அடங்கியதை ஆய்வாக எழுதி நான் பேராசிரியர் ஆனேன்.

நேற்று அவள் இங்கே வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாமே. எனக்குக் கோபமே இல்லை, பெருமையாகத்தான் இருக்கிறது. வேறு யாரிடமாவது படித்திருந்தால் அந்தப் பெண் இப்படி வாயைத் திறந்திருப்பாளா?