ஆலோசனை அறைத் தேத்தண்ணி

கம்பஸ் வாசலில் இரண்டு மாணவிகள் பருத்தித்துறை பஸ்ஸில் ஏறி எனக்கு முன்னால் அமர்ந்தார்கள். ஒருத்தியின் மடியில் பாயும் தலையணையும் இருந்தன.

“அழப் போனனான். தேத்தண்ணி குடிச்சிட்டு வந்திட்டன்,” என்றாள் அவள்.

“ஏனடி, ஆலோசனை அறை மிஸ்ஸிட்டை ஒண்டும் சொல்லேல்லையோ?”

“எந்த ஊர், ஆரின்ரை பிள்ளை எண்டு கேட்டா. அம்மாவோடை ஒண்டாப் படிச்சவவாம். பிறகு எப்பிடியடி சொல்லுறது, ஏலாமல் கிடக்கு, படிப்பை விடப்போறன் எண்டு?”

“ஊரை மாத்திச் சொல்லியிருக்கலாமெல்லே, விசரி.”

“நல்ல மனிசி. அம்மாவைச் சுகம் கேட்டதாச் சொல்லட்டாம்.”

“சொல்லுவியோ?”

“சொன்னா, அந்த அறைக்கு ஏன் போனனீ எண்டெல்லோ அம்மா கேப்பா.”

உடுப்பிட்டியில் பாய் வைத்திருந்தவள் இறங்கினாள். மற்றவள் யன்னலால் தலையை நீட்டினாள்.

“திங்கக்கிழமை வருவாய்தானே?”

அவள் பாயை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள்.