குச்சிப் பாட்டு

— இது அவரு குரலே இல்லீங் சிவண்ணா. கேசட்ட மாத்திப் போட்டுட்டீங்களாட்ட இருக்குது.

— நீங்க கொடுத்த கேசட்தான் பொன்னம்மக்கா. பாருங்க, ஓரத்துல உங்க வீட்டு ஊதுபத்தி மாவு ஒட்டியிருக்கு.

— அப்ப டேப் ரெக்கார்டர என்னமோ பண்ணிப்போட்டீங்க. நேத்துக் கொண்டாந்து குடுக்கறப்ப ஆம்பளையாட்டம் பாடுனாரு. இன்னிக்குக் கோழிக்குஞ்சாட்டம் கீச்சுங்கறாரு!

— நாடாவைத் தின்னுதுன்னுதானே கொண்டு வந்தீங்க? உள்ள பெல்ட் தளர்ந்து தொங்குது. அதான் நாடா சிக்கினது, ஓட்டமும் ஸ்லோ. புது பெல்ட் போட்டேன். இப்ப எல்லாம் சரியாயித்து.

— சரியாவா? யாருக்குங் சரி?

— கேசட்டுக்கு. கம்பெனி பண்ணி அனுப்பின வேகம் இதுதான். நீங்கதான் இத்தனை வருசமும் இழுவையாக் கேட்டிருக்கீங்க.

— எனக்கு அந்த இழுவையே போதும். பழைய பெல்ட்டையே மாட்டிக் குடுத்துருங்.

— அது கழட்டுறப்பவே பிஞ்சு போச்சுக்கா. குப்பையில கிடக்கு, எடுத்து வேணா தலையில கட்டிக்கோங்க. ஸ்வல்ப நாள் கேளுங்க, இதுவே பழகிடும்.

— காதுக்குப் பழகும். என்ற கைக்கு எப்படிங் பழகும்?

— கைக்கா?

— மேட்டகள்ளியில எங்க சந்துல பொம்பளைக எல்லாம் பலகையப் போட்டுட்டு உக்காந்து பத்தி உருட்டறமுங். இந்தக் கேசட்டப் போட்டுட்டுத்தான் உருட்டறது. ஒரு அடி பாடி முடிக்கறதும் ஒரு குச்சி முடியறதும் ஒண்ணா இருக்கோணும். நீங்க இப்ப ஓட்டுனீங்களே, அந்த வேகத்துல உருட்டுனா மாவு குச்சியில நிக்காது, பொலபொலன்னு உதுந்துரும். எடுக்க வர்றவன் கோணப் பத்திய எங்க மூஞ்சிலயே விட்டெறிவான்.

— அப்ப வேற பாட்டுப் போடுங்க. எத்தனை புதுப்படப் பாட்டு இருக்கு. இப்ப சிடின்னுகூட ஒண்ணு வந்திருக்கு.

— அதெல்லாம் போட்டுப் பாத்தாச்சுங். மோளம் தடதடங்குது, கை அதும்பாட்டுக்கு எங்கியோ போயிருது. இவரு பாட்டுல கம்சாளைன்னு ஒரே ஒரு வெண்கலத் தாளம், ஒரு மனுசன். அவ்வளவுதான். ஏனுங், நீங்க பாட்டே கேக்க மாட்டீங்களா? கடை நெறைய ரேடியோ வெச்சிருக்கீங்க, ஒண்ணாச்சும் பாடுதா?

— ரிப்பேர்காரன் சத்தத்தைத்தான் கேக்கணும் அக்கா, பாட்டைக் கேட்டா பொழப்பு கெட்டுடும். இது யார் பாடினதுன்னு தெரியுமா?

— தெரியாதுங். என்ற ஊட்டுக்காரரு மாதேஸ்வரன் மலைக்குப் போனப்ப, பொரிகடல வாங்குனதுக்குக் கடைக்காரன் கொசுறாக் குடுத்தானாம். ஒரு பொட்டி நெறைய விக்காமக் கெடந்துச்சாம். மேலட்டைய எலி தின்னுருச்சு, பேரும் அதோட போச்சு.

— கொசுறா! எலியாவது ரசிச்சிருக்கே, அது போதும்.

— கேலி பண்ணாதீங். நீங்க இதுக்கு முன்னால கேட்டிருக்கீங்களா?

— வந்த புதுசுல கேட்டேன். கேட்டவங்க எல்லாம் சிரிச்சாங்க. பஸ்ஸைப் புடிக்க ஓடுறவன் பாடுற மாதிரி இருக்குன்னாங்க. அந்தாளு அதோட பாடுறதையே விட்டுட்டான்.

— அய்யோ பாவமே! சிரிச்சவனுக்கெல்லாம் காது எதுக்குங், கடுக்கன் மாட்டறதுக்கா? ரெண்டாம் பக்கத்து மொதப் பாட்டக் கேட்டிருப்பானா அவன்? கட்டடத்துல கல்லுச் சொமக்கறவ மேல் மாடியில நின்னுட்டு, தன்ற ஊரு எந்தத் திக்குன்னு தேடறா. கடைசில என்னங் சொல்றா? ஊரு தெரியல, ஆனா என்ற ஊட்டு அடுப்புப் பொகை தெரியுதுங்கறா. எந்த ஊடு? கீழ, இதே மைசூருல, தகரம் போட்ட ஊடு! நான் ஹனூருல இருந்து வந்த புதுசுல தெனமும் அழுவேனுங். இந்தப் பாட்டக் கேட்டப்பறந்தான் எங்க தகரக் கொட்டாயும் எனக்கு ஊடாச்சு.

— அந்த வரி... அவ்வளவு தெளிவாவா கேக்குது?

— நிதானமாப் பாடுனாக் கேக்கும். நீங்க ஓட்டுன ஓட்டத்துல பொகையும் தெரியல, ஊடும் தெரியல.

— ம்.

— அப்பறம் குச்சிப் பாட்டு. அதான் எங்களுக்கு உசுரு. "உருட்டு தாயே"ன்னுட்டுச் சித்த நிறுத்துவாருங். அந்த எடத்துலதான் நாங்க உருட்டுன குச்சிய அக்கட்டால வெச்சுட்டு அடுத்ததை எடுக்கறது. பத்தி உருட்டறவ பக்கத்துல உக்காந்து பாக்காதவனுக்கு அந்த எடம் தெரியவே தெரியாது.

— அவன் அம்மா உருட்டினவங்களா இருக்கும்.

— அதேதானுங் நானும் சொல்லுவேன்! அந்தம்மா கையும் என்ற கையாட்டமே இருந்திருக்கோணும். சரி, என்ன பண்றீங்? முடியாதுன்னாச் சொல்லிப்போடுங், மண்டி மொகல்லாவுல வேற ஆளப் பாத்துக்கறேன். எனக்கு அந்தக் குரல் வேணும்.

— கோவம் வேண்டாம்க்கா. இப்படி உக்காருங்க. மோட்டாருக்குப் பின்னாடி சின்ன ஓட்டை இருக்கு, உள்ள ஒரு திருகு. திருப்பினா வேகம் குறையும். நான் குச்சிப் பாட்டைப் போடுறேன். இந்த மேசையைப் பலகைன்னு நெனைச்சு உருட்டுங்க. கை ஒத்து வந்ததும் போதும்னு சொல்லுங்க.

— வெறுங்கையிலயா? சிரிப்பா வருது. சரி, போடுங்.

— ஓடுது, உருட்டுங்க.

— ரொம்ப வெரசலுங். கொறைங்... இன்னும்.

— இப்ப?

— எறங்குது, எறங்குது... அய்யோ, எருமை கத்தறாப்பல ஆயிப்போச்சு! பின்னால திருப்புங்!

— பேசாம உருட்டுங்கக்கா. குரலைப் பாக்காதீங்க, கையைப் பாருங்க.

— ம்... ம்... "உருட்டு தாயே"... அட! அவரேதானுங்! அவரே வந்துட்டாரு! பாருங், கை தானாப் போகுது!

— ஆயித்தா? சரியா வந்துடுச்சா?

— ஆச்சுங். ஆனா சிவண்ணா, நான் போதும்னு சொல்றதுக்கு முன்னாலயே திருகுல இருந்து கைய எடுத்துட்டீங்களே? என்ற கையக்கூடப் பாக்கல, கண்ண மூடிட்டுல்ல இருந்தீங்க. இந்த எடந்தான்னு எப்படிங் தெரிஞ்சுது?

— எட்டுப் பாட்டும் ஒரே கேசட்டுல அடங்கணும்னு கம்பெனிக்காரன் ஓட்டத்தைக் கூட்டிட்டான்க்கா. நான் பாடினது இந்த வேகத்துலதான்.